தாமரைக்குளத் தெருவின் இயல்பு நிலை

லின்ஷா நகரத்து லாரிக்காரர்களுக்கு சூய் பெய்லின் என்ற பெண்மணியின் பெயரைக் கேட்டாலே பயம். நகரத்தின் வாகனச் சோதனை நிலையத்தில் பிரேக் பிரிவு பல வருடங்களாக அவர் கையில்தான் இருந்தது. ஒரு முறை சொந்தத் தங்கை கணவரின் லாரியையே "இதை ரோட்டில் விட முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வருடம் புத்தாண்டு விருந்துக்குத் தங்கை வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை. பெரிய பானையில் தாமரைக்கிழங்கு சூப் வைத்துக்கொண்டு வந்து, விடுமுறையிலும் வேலை பார்த்த எங்களுக்குக் கொடுத்தார்.

நான் அவருக்குக் கீழே குறிப்பெழுதும் உதவியாளன். அவர் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன்.

தானே ஓடும் கார்களைப் பரிசோதிக்கும் வேலை எங்கள் நிலையத்துக்கு வந்தபோது, இயக்குநர் யோசிக்கவே இல்லை, பெய்லினிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கார்கள் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஒரு வருடமாக எல்லாத் தெருவிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கூரைமேல் உருண்டையாக ஒரு கருவி சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ஜனங்கள் கொண்டைக் கார் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அதுவரை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஓர் ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஆளையும் இறக்கிவிடலாமா என்பதுதான் எங்களிடம் வந்த கேள்வி.

பெய்லின் முதலில் மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். மோதினால் இவ்வளவு குறைப்பு, சிவப்பு விளக்கைத் தாண்டினால் இவ்வளவு, கோட்டைத் தாண்டினால் இவ்வளவு, உள்ளே இருப்பவர் முன்னால் போய் விழும்படி பிரேக் பிடித்தால் இவ்வளவு. நூற்றுக்கு எண்பது வாங்கினால் தேர்ச்சி. போய்ச் சேர்வதற்கு மதிப்பெண் கிடையாது. அதைப் பற்றி நான் கேட்டேன். ஆபத்தாக ஓட்டிவிட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்கிறவனுக்கு எதற்கு மதிப்பெண், பாதுகாப்பைத்தானே நம்மைப் பார்க்கச் சொன்னார்கள் என்றார். நியாயமாகத்தான் பட்டது.

அடுத்து தெரு. கார்க் கம்பெனியின் பொறியாளர் ஜுவாங், ஆற்றங்கரைப் புதுச் சாலையில் சோதனை வைப்பார்கள் என்று நினைத்திருந்தான். அங்கே ஆறு தடங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவில் வெட்டிய மரங்கள். பெய்லின் தாமரைக்குளத் தெருவைச் சொன்னார். அந்தத் தெருவில் குளமும் இல்லை, தாமரையும் இல்லை. காலையில் காய்கறிச் சந்தை, நடுவில் ஆரம்பப் பள்ளி, வலமும் இடமும் பாராமல் வரும் மின்சார ஸ்கூட்டர்கள், நிழல் நகர நகர நாற்காலியை ரோட்டுக்குள் நகர்த்திக்கொண்டே வரும் சதுரங்கக் கிழவர்கள். விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் கயிறு கட்டி மெத்தை விரிப்பைக் காயப்போட்டிருப்பார்கள். அங்கே பிழைத்தால் எங்கேயும் பிழைக்கும் என்பது பெய்லினின் கணக்கு.

ஜுவாங் முகம் மலர்ந்துவிட்டது. "மேடம், அந்தத் தெரு எங்க வண்டிக்குத் தண்ணிபட்ட பாடு. ஒரு வருஷமா தினமும் போய்ட்டு வருது. எந்தக் கிழவர் எந்த மரத்தடியில உட்காருவாருன்னுகூட அதுக்குத் தெரியும்" என்றான்.

விதிப்படி, அந்தப் பகுதியை நிர்வகிக்கும் தெரு அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கொடுத்தோம். மாகாணத்திலிருந்து இரண்டு பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அங்கேதான் கதை திரும்பியது.

தாமரைக்குளத் தெரு அலுவலகத் தலைவர் பாங், கெட்ட மனிதர் அல்ல. சொன்ன வேலையைச் சொன்னதற்கு மேலேயே செய்கிறவர். மேலதிகாரிகள் வருகிறார்கள், ஆளில்லாத கார் வருகிறது, என் தெருவில் ஒரு கோழிக்குக்கூட அடிபடக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்.

சோதனை நாள் காலையில் நாங்கள் போய் இறங்கியபோது, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று டிரைவரை நான் கேட்டேன். தெரு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சந்தை இல்லை. ஸ்கூட்டர் ஒன்றுகூட இல்லை. மெத்தை விரிப்புக் கயிறுகளை அறுத்திருந்தார்கள். ரோட்டுக் கோடுகளைப் பளிச்சென்று புதிதாகப் போட்டிருந்தார்கள். போடும்போது தெரு அழகாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் இடதுபக்கம் தள்ளிப் போட்டிருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் சிமெண்டுத் தொட்டிகளில் மஞ்சள் பூச்செடிகள். தெருக்கோடியில் மேடை, குடை, அதற்குக் கீழே மாகாண அதிகாரிகள்.

பாங் வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நான்கு இரவு தூங்கவில்லை என்றார். பெய்லின் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"நான் கேட்டது இந்தத் தெரு இல்ல, தலைவரே."

"இதேதாங்க. கொஞ்சம் குளிப்பாட்டியிருக்கோம், அவ்வளவுதான்."

"இங்க இருந்த ஜனங்க எங்க?"

"பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானத்துல உட்கார வச்சிருக்கோம். டீ, தர்பூசணி எல்லாம் குடுத்தாச்சு. ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க, நான் பொறுப்பு."

சோதனையைத் தள்ளிவைக்கலாம் என்று பெய்லின் இயக்குநருக்குப் போன் செய்தார். மாகாண அதிகாரிகள் மேடையில் உட்கார்ந்த பிறகு தள்ளிவைப்பதா என்று அவர் கேட்டார். எனவே பெய்லினும் நானும் ஜுவாங்கும் காரின் பின் சீட்டில் ஏறினோம். முன்னால் யாரும் இல்லை.

கார் அழகாகப் புறப்பட்டது. திருப்பத்தில் சிக்னல் போட்டுத் திரும்பியது. தாமரைக்குளத் தெருவுக்குள் ஒரு பேருந்து நீளம் போயிருக்கும். நின்றுவிட்டது.

எதிரே எதுவும் இல்லை. ஓர் இலைகூட விழவில்லை. ஸ்டீயரிங் இலேசாக இந்தப் பக்கம் திரும்பி, பின் அந்தப் பக்கம் திரும்பி, அடங்கிவிட்டது. ஜுவாங் மடியில் இருந்த திரையைப் பார்த்தான். அவன் காது சிவந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் பெய்லின்.

"வழி தவறிட்டோம்னு நினைக்குது மேடம். அதோட ஞாபகத்துல இங்க காய்கறிக் கடை, அங்க ஸ்கூட்டர் வரிசை. ஒண்ணையும் காணோம். கோடு வேற இடம் மாறியிருக்கு, பூந்தொட்டி அது பார்த்ததே இல்ல. இவ்வளவு மாறியிருந்தா நகராத, நில்லுன்னு நாங்கதான் சொல்லிக் குடுத்திருக்கோம். அதான் நிக்குது." சற்று நேரம் கழித்து, குரலைத் தாழ்த்தி, "அது செய்யறது சரிதான் மேடம்" என்றான்.

தூரத்திலிருந்து கம்பெனி ஆட்கள் காருக்கு உத்தரவு அனுப்பி நகர்த்தலாமா என்று கேட்டான். பெய்லின் மறுத்துவிட்டார். மனிதன் கை படாமல் ஓடுவதுதானே சோதனை.

மேடையில் குடைக்கடியில் ஓர் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. பாங் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் ஒரு கணம் தொங்கியது, மறுகணம் தெளிந்தது. ஆட்கள்தானே வேண்டும், நம்மிடமா ஆட்களுக்குப் பஞ்சம் என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் மைதானத்திலிருந்து தாமரைக்குளத் தெரு ஜனங்கள் வந்தார்கள். வந்த விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எல்லோருக்கும் தொண்டர்களின் மஞ்சள் மேல்சட்டை மாட்டியிருந்தார்கள். பெரிய மனிதர்கள் பார்க்கிறார்கள், ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று காலையிலிருந்து படித்துப் படித்துச் சொல்லியிருந்ததால், வாழ்க்கையில் ஒருநாளும் வரிசையில் நிற்காதவர்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள். சதுரங்கக் கிழவர்கள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். ஸ்கூட்டர்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் நேராகப் புதிதாகப் போட்ட வரிக்குதிரைக் கோட்டுக்கு வந்து, அதன் ஓரத்தில் நின்று, கார் போகட்டும் என்று காத்திருந்தார்கள்.

கார் அவர்களைப் பார்த்தது. வரிக்குதிரைக் கோட்டில் ஆள் நின்றால் வழிவிட வேண்டும் என்பது அதற்குத் தெரியும். அவர்கள் போகட்டும் என்று அதுவும் காத்திருந்தது.

கூட்டத்தின் முன்னால் நின்றவள் யின் சுன்மெய். தெரு முக்கில் எள் விழுதில் பிரட்டிய நூடுல்ஸ் விற்கிறவள். அவள் தள்ளுவண்டியையும் கூடவே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவள் காரைப் பார்த்துக் கையைக் காட்டினாள், போ என்று. கார் போகவில்லை. மறுபடியும் காட்டினாள். பிறகு பாங்கைப் பார்த்து, "தலைவரே, இது என்னவிட மரியாதைக்காரியா இருக்கே. இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள். நில்லுங்கள் என்றார் பாங். நின்றாள். கூட்டமும் நின்றது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். மேடையிலிருந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போனார்கள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் நான் மதிப்பெண்களைக் கூட்டினேன். மோதல் இல்லை, முழு மதிப்பெண். சிவப்பு விளக்கு மீறல் இல்லை, முழு மதிப்பெண். கோடு தாண்டவில்லை. திடீர் பிரேக் இல்லை. நடந்துபோகிறவர்களுக்கு வழிவிட்டதா? விட்டது, மதியம்வரை விட்டது. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக மெதுவாகப் போனதற்கு மட்டும் நான்கு குறைந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

நான் தாளைப் பெய்லின் முன்னால் வைத்தேன். அவர் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிரேக் பிடிக்காத லாரியைக்கூட அவர் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலத்துக்குள் வாழ்த்துகள் வரத் தொடங்கிவிட்டன. பாங் ஒரு கூடை ஆரஞ்சு அனுப்பியிருந்தார். கார்க் கம்பெனி முதலாளிகள் பத்திரிகைக்குச் செய்தி தயார் செய்துகொண்டிருந்தார்கள்: நகரத்திலேயே கடினமான தெருவில், ஒரு சிறு குறையும் இல்லாமல். ஜுவாங் மட்டும் சந்தோஷப்படவில்லை. எங்கள் அலுவலக வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றான். ராத்திரி பகலாக ஓடக் கற்றுக்கொடுத்த பிள்ளைக்கு நின்றதற்காகப் பரிசு கொடுத்தால் எப்படியிருக்கும் என்று என்னிடம் கேட்டான்.

பெய்லின் கையெழுத்துப் போட மறுத்தார். இயக்குநர் கூப்பிட்டு, எந்த அடிப்படையில் மறுக்கிறாய், முறையை வகுத்ததே நீதானே என்று கேட்டாராம். கேட்டதில் தப்பு இல்லை. அதற்குப் பெய்லின் பதிலாக எழுதிக் கொடுத்தது இரண்டே வரி. வண்டி நின்றது, அது நன்றாக நிற்கிறது என்பதற்கு மட்டும் நான் சாட்சி. தெரு அதன் இயல்பு நிலையில் இருக்கும்போது, யாருக்கும் சொல்லாமல், மறுபடியும் பார்க்க அனுமதி வேண்டும்.

அனுமதி கிடைத்தது. அதற்குள் தாமரைக்குளத் தெரு தன் குணத்துக்குத் திரும்பிவிட்டிருந்தது. சிமெண்டுத் தொட்டிகளில் மஞ்சள் பூவுக்குப் பதிலாக வெங்காயத்தாள் வளர்ந்திருந்தது. புதுக் கோடுகள்மேல் மீன் கடைத் தண்ணீர் ஓடியது. காரும் வழக்கம்போல் ஆளோடு அங்கே போய்வந்து புதுக் கோட்டையும் தொட்டியையும் பழகிக்கொண்டுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சந்தை நேரத்தில், ஜுவாங்கை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு போனோம்.

அன்றைக்குத்தான் நான் உண்மையில் பயந்தேன். எதிர்ப்பக்கமாக ஒரு ஸ்கூட்டர் வந்தது, பின்னால் மூன்று பேர். கார் ஒதுங்கியது. ஒதுங்கியபோது கோட்டைத் தாண்டியது; நான் குறித்துக்கொண்டேன். காற்றில் ஒரு மெத்தை விரிப்பு கண்ணாடிமேல் வந்து அறைந்தது. கார் நின்று, விரிப்பு விலகும்வரை பொறுத்து, மறுபடி ஊர்ந்தது. சதுரங்கக் கிழவர் ஒருவர் பார்க்காமலே நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். அவருக்கும் காருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குதிரையை நகர்த்திக்கொண்டிருந்தார். பெய்லின் பக்கம் பார்த்தேன். அவருடைய வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது.

தெரு முக்கில் சுன்மெய் தன் வண்டியைப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு சட்டென்று ரோட்டுக்கு வந்துவிட்டாள். கார் பிடித்த பிரேக்கில் என் பேனா முன் சீட்டுக்குப் பறந்தது. வண்டியிலிருந்து வெந்நீர் கொஞ்சம் தளும்பியது. அவ்வளவுதான்.

"கண்ண எங்க வச்சுக்கிட்டு ஓட்டற" என்று ஆரம்பித்த சுன்மெய், முன் சீட்டில் ஆள் இல்லாததைப் பார்த்து ஒரு கணம் நிறுத்தினாள். திட்ட ஆரம்பித்ததை வீணாக்க மனமில்லாமல் பின் கண்ணாடிக்கு வந்தாள். "இன்ஜினியரம்மா, நீங்களா? சரி, நீங்களே வாங்கிக்கோங்க." மிச்சத்தைப் பெய்லினிடம் சொல்லி முடித்தாள். பெய்லின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இறங்கி நாங்கள் மூவரும் அவளிடமே நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

அன்றைய மதிப்பெண் எண்பத்தொன்று. கோடு தாண்டியதற்கும் இரண்டு தடவை திடீர் பிரேக் பிடித்ததற்கும் குறைத்தது போக அவ்வளவுதான் வந்தது. நின்றபோது வாங்கியதைவிடப் பதினைந்து குறைவு. ஜுவாங் அதைக் கேட்டுச் சிரித்தான். ஆனாலும் தேர்ச்சி தேர்ச்சிதான். பெய்லின் கையெழுத்துப் போட்டார். அறிக்கையின் கடைசியில், அவருக்கே உரிய அக்கறையோடு, ஒரு வரி சேர்த்தார்: தெரு இயல்பு நிலையில் இருந்ததாலேயே இந்தச் சோதனைக்கு மதிப்பு உண்டு, இனி வரும் சோதனைகளிலும் தெருவின் இயல்பு நிலை காக்கப்பட வேண்டும்.

அந்த வரியை மேலே யாரோ படித்தார்கள். எங்கள் அறிக்கைகளை யாரும் படிப்பதில்லை என்று நாங்கள் குறைபட்டுக்கொள்வது உண்டு. இதை முழுதாகப் படித்திருந்தார்கள். தாமரைக்குளத் தெரு, ஆளில்லாத வாகனங்களுக்கான இயல்பு நிலைச் சோதனைத் தெரு என்று அறிவிக்கப்பட்டது. இயல்பு நிலையைப் பராமரிக்கும் பொறுப்பு தெரு அலுவலகத் தலைவர் பாங்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

பாங் பராமரித்தார். எப்படிப்பட்ட மனிதர் என்று முன்பே சொன்னேன் அல்லவா. சோதனை நடந்த செவ்வாய்க்கிழமை யார் யார் எங்கே நின்றார்கள் என்று விசாரித்து, ரோட்டில் மஞ்சள் வண்ணத்தில் கட்டம் போட்டு, கட்டத்துக்கு எண் கொடுத்துவிட்டார். காய்கறிக்காரர்கள் காலை முழுவதும் கட்டத்தில் இருக்க வேண்டும். சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு முறை வைத்து நாள் ஒதுக்கப்பட்டது. ஆட வராத நாளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். மெத்தை விரிப்பு காயாவிட்டாலும் எடுக்கக் கூடாது, காய்ந்தாலும் எடுக்கக் கூடாது. எதிர்ப்பக்கமாக வர ஸ்கூட்டர்காரர்கள் சிலருக்கு அடையாள அட்டை தரப்பட்டது. அட்டை இல்லாமல் எதிர்ப்பக்கம் வந்தவர்களைப் போலீஸ் பிடித்தது.

ஒரு நாள் சுன்மெய் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். இடுப்புத் துணியோடு, கையில் கரண்டியோடு. காவலாளி தடுத்திருக்கிறார், கேட்கவில்லை.

"இன்ஜினியரம்மா, எத்தன வருஷம் அந்த முக்குல நிக்காதன்னு என்னத் துரத்துனாங்க தெரியுமா? தராசப் பிடுங்கினாங்க, அடுப்பப் பிடுங்கினாங்க. நானும் ஓடி ஓடித்தான் பிழைச்சேன். இப்ப பத்து மணிக்கு நூடுல்ஸ் தீந்துபோச்சு, வீட்டுக்குப் போறேன்னா, போகக் கூடாது, சந்தை முடியறவரைக்கும் நில்லுங்கறாங்க. வெறும் பாத்திரத்த வச்சுக்கிட்டு நான் எதுக்கு நிக்கணும்?"

"நான் பேசறேன் அக்கா" என்றார் பெய்லின்.

"பேசுங்க. அதோட, நான் பின்பக்கமா வண்டிய இழுக்கணுமாம், தினமும். எனக்கு இடுப்பு வலிக்குது."

பெய்லின் பாங்கிடம் போனார்; நானும் கூடப் போனேன். கட்டம் போட்டு நிற்க வைத்தால் அதற்குப் பெயர் இயல்பு இல்லை என்று அவர் எடுத்துச் சொன்னார். பாங் மனம் புண்பட்டுப்போனார். முதலில் சுத்தம் செய்தேன், தப்பு என்றீர்கள். இப்போது உங்கள் வாயால் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் செய்கிறேன், அதுவும் தப்பு என்கிறீர்கள். நான் எப்படித்தான் வேலை பார்ப்பது என்று கேட்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. பெய்லின் மேலே எழுதினார். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

இதற்குள் வேறு கம்பெனிக்காரர்களும் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எல்லாக் கார்களுக்கும் அதே தெருதான். எல்லாம் தொண்ணூறுக்கு மேல் வாங்கத் தொடங்கின. ஒன்பதாம் கட்டத்தில் நூடுல்ஸ் வண்டி, அடுத்த மரத்தடியில் கிழவர்கள், மீன் கடை தாண்டியதும் அட்டைக்கார ஸ்கூட்டர். தெரிந்த பாடத்தில் தேர்வு வைத்தால் யார்தான் தோற்பார்கள். ஜுவாங்கே ஒரு நாள், "இப்ப இந்தத் தெருவ எங்க வண்டி கண்ண மூடிக்கிட்டு ஓட்டும் மேடம். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றான்.

வசந்தகாலத்தில் சுன்மெய் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை சத்தம் போடவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வேறு மாகாணத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிரசவ நேரம். விடுப்பு கேட்டிருக்கிறாள். பதிலுக்கு ஓர் ஆளை நிறுத்தினால் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பதில் ஆளுக்கு எங்கே போவது? தெருவில் எல்லோருக்கும் அவரவர் கட்டம் இருக்கிறது.

"நீங்கதான் எழுதினீங்கன்னு தெரு முழுக்கப் பேசிக்கிறாங்க. அதனால உங்ககிட்டயே கேக்கறேன். எனக்குக் கோவமெல்லாம் இல்ல. யாராவது இருந்தா சொல்லுங்க."

பெய்லின் இழுப்பறையிலிருந்து தனக்கு ஒரு விடுப்புத் தாளை எடுத்தார். "எள் விழுது எவ்வளவு போடணும்னு காட்டிட்டுப் போங்க அக்கா" என்றார்.

அவர் பல வருடங்களாக எடுக்காத விடுமுறையை எடுத்துக்கொண்டு ஒன்பதாம் கட்டத்தில் நின்றார். வியாபாரம் நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. நூடுல்ஸ் ஒரு நாள் குழைந்தது, ஒரு நாள் வேகவில்லை. வாடிக்கையாளர்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். சொந்த வேலையில் யாரும் அவரை அப்படிப் பேசியதில்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் வேறொன்றைப் பார்த்தார். காரின் உள்ளே உட்கார்ந்து எத்தனையோ தடவை அந்தத் தெருவில் போயிருக்கிறார். கார் தன்னை நோக்கி வருவதை அதுவரை பார்த்ததில்லை. அது சத்தமில்லாமல் வருவதும், அது பார்த்துவிட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு முகம்கூட உள்ளே இல்லாததும், எதிரே நிற்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று பிறகு என்னிடம் சொன்னார்.

தேறிய கார்களுக்கும் அவ்வப்போது மறுசோதனை உண்டு; அந்த வாரம் ஜுவாங்கின் காருக்கு. பெய்லின் விடுமுறையில் இருந்ததால் நான்தான் மதிப்பிட வேண்டும். ஜுவாங்கும் நானும் பின் சீட்டில். ஒன்பதாம் கட்டத்தில் அவர் நிற்பது எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கார் கிழவர்களைத் தாண்டி, மீன் கடையைத் தாண்டி, மனப்பாடமாக வந்தது.

பெய்லின் எங்களைப் பார்த்தார். தள்ளுவண்டியை விட்டுவிட்டுக் கட்டத்துக்கு வெளியே வந்தார். கையில் நூடுல்ஸ் வடிகட்டி, அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. நேராகத் தெருவின் நடுவுக்கு நடந்து, காரைப் பார்த்து நின்றார். அது சோதனைத் திட்டத்தில் எங்கேயும் இல்லை. எந்தக் கட்டத்திலும் இல்லை.

நான் கத்தினேனா இல்லையா என்று எனக்கு நினைவில்லை. ஜுவாங் கத்தினான். கார் முழு பலத்தோடு பிரேக் பிடித்தது. நாங்கள் இரண்டு பேரும் முன் சீட்டில் போய் முட்டிக்கொண்டோம். நிமிர்ந்து பார்த்தபோது அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி வழியாக முகம் தெரிந்தது, வெளுத்திருந்தது. கை நீட்டினால் காரைத் தொட்டுவிடலாம். தொட்டார். சூடான பானையைத் தொடுவதுபோல் விரல் நுனியால் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டார். பிறகு கட்டத்துக்குத் திரும்பிப் போய் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் தாளை எடுத்தேன். திடீர் பிரேக்: ஐந்து மதிப்பெண் குறைப்பு. விதி அப்படித்தான் சொன்னது, எழுதியவரும் அவர்தான். அவரை இடிக்காமல் நின்றதற்காக அந்தக் காருக்கு நான் ஐந்து மதிப்பெண் குறைத்தேன். ஜுவாங் எட்டிப் பார்த்தான். நெற்றியைத் தடவிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தான். அந்த ஒரு வருடத்தில் அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் பெய்லின் தன் பழைய முறையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார். எந்தத் தெரு என்று அன்று காலையில்தான் முடிவாகும், எங்களுக்கே தெரியாது. பிரேக் பிடித்தால் எதற்காகப் பிடித்தது என்று பார்த்த பிறகுதான் குறைப்பு. போய்ச் சேரவும் வேண்டும். புது முறையில் இரண்டு கம்பெனிகளின் கார்கள் தோற்றன. ஜுவாங்கின் கார் தட்டுத்தடுமாறித் தேறியது. இப்போது ஊரில் அவன் கம்பெனியின் கார்கள் ஆளில்லாமல் ஓடுகின்றன. இதுவரை பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பாதுகாப்பானவையா என்று யாராவது கேட்டால், இதுவரை என்ற சொல்லைச் சேர்க்காமல் பெய்லின் பதில் சொல்வதில்லை. அவர் அலுவலகத்துக்குப் பேருந்தில்தான் வருகிறார்.

தாமரைக்குளத் தெருவை யாரும் இயல்பு நிலையிலிருந்து விடுவிக்கவில்லை. அதற்கான உத்தரவு போட யாருக்கும் நினைவு வரவில்லை. கட்டங்கள் மங்கியபோது பாங் மறுபடியும் வண்ணம் அடித்தார்.

சுன்மெய் பேரக்குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மறுநாள், குழந்தை பிறந்தால் எங்கள் ஊரில் கொடுக்கும் சிவப்புச் சாயமிட்ட முட்டைகள் ஒரு பை நிறைய கொண்டுவந்தாள். எங்களுக்கெல்லாம் கொடுத்தாள். பெய்லினுக்கு இரண்டு. அப்புறம் இடுப்புத் துணியிலிருந்து மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தெரு அலுவலகத்திலிருந்து வந்தது. ஒன்பதாம் கட்டத்துப் பதில் ஆள் வேலை நேரத்தில் அனுமதியில்லாமல் கட்டத்தை விட்டு வெளியேறி, தெருவின் இயல்பு நிலைக்குக் குந்தகம் விளைவித்ததாக எச்சரிக்கை.

"இத்தன வருஷத்துல நானே இப்படி ஒண்ணு வாங்கினதில்ல, இன்ஜினியரம்மா" என்றாள் சுன்மெய். "அதோட, நூடுல்ஸ ரொம்ப வேக விட்டிருக்கீங்க. வர்றவங்க எல்லாரும் எங்கிட்ட அதத்தான் சொல்றாங்க."

பெய்லின் நோட்டீஸை மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். முட்டையை உரிக்க ஆரம்பித்தார்.

"எவ்வளவு நேரம் வேக விடணும்?" என்று கேட்டார்.